கடலூரில் எல்லாருக்குமான சர்க்கஸ் விழா: திட்டத்தைப் பிரிச்சு மேயுங்க

#1 கெடிலக்கரை

வணக்கம். பிப்ரவரி மூணாவது ஞாயிறு, சில்வர் பீச்சுல ஒரு நாள் விழா. சர்க்கஸ்தான் மையம். பந்து வித்தை, வளையம், மல்லர் கம்பம் (நட்ட கம்பத்துல ஏறிக் காட்டுற உடல்வித்தை), கட்டைக்கால், கோமாளி. மிருகம் கிடையாது. மீனவர் தெருக்கள், பள்ளிகள், சிறப்புப் பள்ளிப் பிள்ளைங்க, வயசானவங்க எல்லாரும் வரணும். குப்பை சொற்பமா இருக்கணும். 1,500 பேர் வருவாங்கன்னு கணக்கு.

இப்ப கையில இருக்கிற திட்டம்: மாலை 4 முதல் 9:30 வரை. 4 அடி உயர மேடை. கரையோரம் விளக்குத் தோரணம். முழுக்க சோலார். கடைசியில நெருப்பு வித்தை. வண்டிக்கு அனுமதி இல்ல, நடந்தோ சைக்கிள்லயோதான் வரணும். ஸ்டீல் டம்ளருக்கு 20 ரூபாய் முன்பணம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியா ஒரு பகுதி.

எங்க உதைக்கும்னு சொல்லுங்க. தாட்சண்யம் பாக்க வேணாம்.

#2 தேவனாம்பட்டினத்தான்

முதல் உதை இடமேதான். ஜனவரியிலேர்ந்து மார்ச் வரை நம்ம கரையில பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். தாய் ஆமை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் பார்த்தா முட்டையிடாமலே திரும்பிடும். குஞ்சு பொரிய 45–60 நாள் ஆகும். பொரிஞ்ச குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையா அது கடல் பக்கம். நீங்க தோரணம் கட்டினா ரோட்டுப் பக்கம். சுற்றுச்சூழல் விழான்னு பேர் வெச்சுட்டு இதைச் செஞ்சா ஊர் சிரிக்கும்.

ரெண்டாவது, மாசி மகம் பிப்ரவரி–மார்ச்சுல வரும். தீர்த்தவாரிக்கு நம்ம கரையில எவ்வளவு கூட்டம்னு சொல்லத் தேவையில்ல. பஞ்சாங்கம் பார்த்துட்டுத் தேதி வையுங்க.

மூணாவது, காத்து. மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறும். லேசான பந்து, துணி, வளையம் எல்லாத்தையும் தள்ளிக்கிட்டுப் போகும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வாங்க. பஸ் வசதி, தண்ணி லாரி வந்து போற இடம், தரை கெட்டி.

#3 மேட்டுப்பாதை

மணலில் சக்கர நாற்காலி ஓடாது, பேச்சே வேண்டாம். மைதானமும் அப்படியே போதாது. கல், குழி, புல்திட்டு இருக்கும். நுழைவாயிலில் இருந்து வித்தை காட்டும் வட்டம், தண்ணீர், கழிப்பறை வரை 200 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8×4 அடி பிளைவுட்டை நீளவாக்கில் போட்டால் 25 தாள். 4 அடி அகலத்தில் ஒரு நாற்காலி போகும், எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அதனால் ஐந்தாறு இடத்தில் பக்கவாட்டில் இன்னொரு தாள். ஆக 30. 12 எம்எம் வாங்காதீர்கள், குழி மேல் வளைந்து தாள் முனை தூக்கிக்கொள்ளும். அந்த அரை இஞ்ச் மேட்டில்தான் முன்சக்கரம் மாட்டி ஆள் முன்னால் விழுவார். 18 எம்எம் போட்டு, இணைப்புக்கு அடியில் ரீப்பர் கட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். கல்யாண வீட்டுப் பச்சைக் கம்பளத்தை மேலே விரிக்கவே கூடாது. சக்கரத்தில் சுருண்டு வரும்.

மேடை: சாய்தளம் 1-க்கு 12. நான்கு அடி மேடைக்கு 48 அடி நீளம், இடையில் நின்று இளைப்பாறச் சமதளம் வேறு. அந்தச் செலவில் மேடையையே ஒழித்துவிடலாம். தரையிலேயே வட்டம் போடுங்கள். முதல் இரண்டு வரிசை பாய். மூன்றாவது வரிசையில் நாற்காலியும் சக்கர நாற்காலி இடங்களும். அதற்குப் பின்னால் பெஞ்சு. கடைசியில் நிற்பவர்கள். பாயில் உட்கார்ந்தவர்கள் தலைக்கு மேல் மூன்றாம் வரிசைக்குத் தெளிவாகத் தெரியும்.

"தனிப் பகுதி"யை எடுத்துவிடுங்கள். ஒரு மூலையில் கயிறு கட்டி எல்லாச் சக்கர நாற்காலியையும் நிறுத்தினால் அது கொட்டடி. 3×4 அடி இடம் எட்டு, வட்டம் முழுக்கப் பரவலாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி. அதுவும் ஆள் வருமுன் பிறர் உட்கார்ந்துவிடுவார்கள். தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஒரு தொண்டரை நிறுத்தினால்தான் நிற்கும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், இல்லாவிட்டால் கையும் மூளையும் களைத்துப் பிழை வரும். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்த்து நிற்கட்டும். பிப்ரவரியில் சூரியன் மாலை 6:15 வாக்கில்தான் மறையும். முதுகில் வெயில் வாங்கி நின்றால் பார்ப்பவருக்கு நிழலுருவம்தான் தெரியும். இருட்டிய பிறகு அவருக்கென்றே ஒரு விளக்கு, அதை எந்த வித்தைக்காகவும் அணைக்கக் கூடாது. ஒளி அமைப்பவர் கட்டாயம் அணைப்பார். முன்கூட்டியே சண்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#4 மூணுபந்து

வட்டத்தோட அளவு: சர்க்கஸ்னா 42 அடி விட்டம்னு எல்லாரும் சொல்வாங்க. அது 18-ஆம் நூற்றாண்டு லண்டன்ல ஃபிலிப் ஆஸ்ட்லி ஓடுற குதிரை மேல நின்னு வித்தை காட்டுறதுக்காக வந்த அளவு. குதிரை இல்லாத நமக்கு எதுக்கு? 28–30 அடி போதும். முகம் தெரியும், மைக் தேவையும் குறையும்.

நெருப்பு வித்தையைத் தூக்குங்க. மண்ணெண்ணெய்ப் புகை, காத்து, பாயில உக்கார்ந்த குழந்தைங்க, பக்கத்துல பந்தல் துணி. நாலும் ஒண்ணா இருக்கிற இடத்துல அது வேணாம். துணியில தொங்குற வித்தையும் வேணாம். 60 கிலோ ஆள் உருண்டு இறங்கி சட்டுனு நிக்கிறப்ப கொக்கியில அதைப்போல மூணு நாலு மடங்கு இழுவை வரும். அரசமரக் கிளையையும் பந்தல் சவுக்குக் கம்பையும் நம்பி ஆளைத் தொங்கவிடக் கூடாது.

அதுக்குப் பதிலா மல்லர் கம்பம். விழுப்புரம் பக்கத்துலேயே இருக்கு, தமிழ்நாட்டுல அதுக்குப் பேர்போன ஊர். நிலைக் கம்பம் தரைக்கு மேல எட்டரை அடி, கீழே மூணடியாவது புதையணும். மைதானத்துல குழி தோண்ட எழுத்து மூலமா அனுமதி வாங்குங்க. கிடைக்கலேன்னா கயிறு மல்லர் கம்பம் கேளுங்க. அதுக்கு மேல தாங்கு சட்டம் வேணும், அது அவங்களே கொண்டு வந்தா மட்டும். விளக்கெண்ணெய் தடவுவாங்க, அந்தக் கையோட வந்து பந்தைத் தொட்டா எல்லாம் வழுக்கும். துடைக்கத் துணியும் அரப்பும் பக்கத்துல வையுங்க.

சட்டத்துல ஒண்ணு பலருக்குத் தெரியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழ உள்ளவங்க கலைஞரா வேலை செய்ய விலக்கு உண்டு, ஆனா அந்த விலக்குல சர்க்கஸ் சேராதுன்னு சட்டமே தனியா சொல்லுது. 2011-லயே உச்ச நீதிமன்றம் சர்க்கஸ்ல குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதனால பிள்ளைங்க பயிற்சிக் களத்துல (வந்தவங்க வித்தை பழகிப் பாக்குற இடம்) விளையாடலாம், சம்பளம் பேசி வட்டத்துக்குள்ள இறக்கக் கூடாது. கழைக்கூத்துக் குடும்பத்தைக் கூப்பிட்டா பெரியவங்க மட்டும் ஏறட்டும்னு முன்பணம் குடுக்கிறப்பவே பேசிடுங்க. குரங்கு வித்தைக்காரர் தானா வந்து நிப்பாரு. குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் எதையும் வித்தைக்குப் பழக்கக் கூடாதுன்னு மத்திய அரசுத் தடை இருக்கு.

#5 கெடிலக்கரை

மஞ்சக்குப்பம்தான், முடிவு பண்ணியாச்சு. மேடை, நெருப்பு, தோரணம் போச்சு. பயிற்சிக் களத்துக்கு 100 பேர் ஒரே நேரத்துல விளையாடுற மாதிரி சாமான் வேணும். கடையில வாங்கினா கையைக் கடிக்குது. நாமளே செய்ய முடியுமா?

#6 மூணுபந்து

முடியும். இதுல அவசரப்படக் கூடாது, சாமான் மோசமா இருந்தா "எனக்கு இது வராது"ன்னு பிள்ளை போயிடும்.

பந்து: பலூனுக்குள்ள தானியம் அடைக்கிற முறை பரவலா இருக்கு. வேணாம். வெடிச்சா சத்தம், ரப்பர் ஒவ்வாமை, கடைசியில குப்பை. தையற்கடைத் துண்டுத் துணி வாங்கி நாலு இதழா வெட்டித் தையுங்க. தச்சு முடிச்சா விட்டம் 6½ செ.மீ. உள்ளே கேழ்வரகு சுமார் 110 கிராம் பிடிக்கும். அந்த எடைதான் கைக்குச் சுகம். 80-க்குக் கீழ போனா கையில நிக்காது, 150 தாண்டினா சின்னப் பிள்ளைக்கு மணிக்கட்டு வலிக்கும். 100 பந்துக்கு 11 கிலோ கேழ்வரகு. நிரப்புறதுக்கு முன்ன ரெண்டு நாள் வெயில்ல காய வையுங்க, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ஒரு மாசத்துல வண்டு வரும். இறுக்கி அடைக்காதீங்க. உள்ளங்கையில வெச்சா கொஞ்சம் சப்பையா அமரணும். கல்லு மாதிரி இருந்தா கீழ விழுந்து உருண்டு ஓடும், பொறுக்குறதுலேயே நேரம் போயிடும்.

பத்துப் பந்துல ஒரு சலங்கை மணி தச்சுடுங்க. கண் தெரியாதவங்க பந்து வர்ற திசையைக் காதால பிடிப்பாங்க. அந்த மேசை ஒலிபெருக்கியிலேர்ந்து தள்ளி இருக்கணும்.

வளையம்: 20 எம்எம் கறுப்பு ஹெச்டிபிஇ (வளையுற பிளாஸ்டிக்) குழாய், 100 மீட்டர் சுருள். 1 மீட்டர் விட்டத்துக்கு 3.14 மீட்டர் வேணும், 31 வளையம் வரும். ரெண்டு முனையையும் கொதிநீர்ல அரை நிமிஷம் வெச்சா இளகும், உள்ளே கப்ளிங்கைத் திணிச்சு ஆற விடுங்க. மேல துணிப்பட்டை சுத்துங்க, வெறும் குழாய் இடுப்புல நிக்காம வழுக்கும். வீட்டு ஒயரிங்குக்குப் போடுற பிவிசி பைப்ல செய்யாதீங்க, வெயில்ல காஞ்சு உடைஞ்சா முனை கத்தி மாதிரி கிழிக்கும். சுருள்ல மிச்சம் இருக்குறதுல 40 செ.மீ. வளையம் செஞ்சா நாற்காலியில உக்கார்ந்தே முழங்கையில சுத்தலாம்.

துணி வித்தை: மெல்லிய நெட் துணி, ஒண்ணரை அடி சதுரம். பந்தைவிட மெதுவா விழும், கை மெதுவா அசையறவங்களுக்கு நேரம் கிடைக்கும். காத்து இருந்தா வீண். பந்தல் தட்டி மறைவுல வையுங்க.

கடைசியா உருட்டு மேசை. இதை யாரும் செய்யறதில்ல, செலவே இல்ல. 4×2 அடி பலகை, எதிர்ப்பக்கம் 10 செ.மீ. தூக்கி, ரெண்டு ஓரத்துலயும் ரீப்பர். பந்தை மேல நோக்கி உருட்டினா தானா திரும்பி வரும். மூணு பந்து வித்தையோட அதே தாளம், தூக்கி எறியத் தேவையில்ல. கீழ 70 செ.மீ. இடைவெளி விட்டா சக்கர நாற்காலி முழங்காலோட உள்ளே போகும்.

#7 புதுவைக்காகிதம்

ஊர்வலத்துக்குப் பெரிய பொம்மைத் தலை செய்யப் போறீங்கன்னா தெர்மாகோல் பக்கம் போகாதீங்க. புதுச்சேரி திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அங்கேர்ந்து கைவினைஞரை வரவழைச்சுப் பட்டறை போட்டா பஸ் தூரம்தான் வில்லங்கம்.

நீங்களே செய்யறதா இருந்தா மூங்கில் பிளாச்சுல கூடு, மேல பழைய செய்தித்தாள், மைதாப் பசை. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்வாங்க. அது விஷம், பிள்ளைங்க கை படுற வேலையில வேணாம். ஊற வெச்சு அரைச்ச வெந்தயத்தைச் சேருங்க, ஒட்டும் நல்லா இருக்கும். அடுக்குக்கு அடுக்கு முழுசா காயணும். மூணு அடுக்கை ஒரே நாள்ல ஏத்தினா உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிச்சு விழா அன்னைக்கு நாறும். தலை 2 கிலோவைத் தாண்டினா தூக்குறவருக்குக் கழுத்து போயிடும். தோள்ல தாங்குற மாதிரி பட்டை வையுங்க. ஒரு தலையைச் சக்கர நாற்காலி முதுகுச் சட்டத்துல கட்டுற மாதிரி செய்யுங்க, ஊர்வலத்துக்கு அதுவே முன்னால போகட்டும்.

#8 மக்குத்தொட்டி

100 பேருக்கு மேல் கூடினால் 3 வேலை நாள் முன்னாடி உள்ளாட்சிக்குத் தெரிவிக்கணும், குப்பையைப் பிரிச்சுத்தான் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலேயே வந்தாச்சு. மாநகராட்சி சுகாதாரப் பிரிவுல கடிதம் கொடுத்து, அன்னைக்கு ராத்திரியே மக்கும் குப்பை எடுக்க வண்டி வருமான்னு கேளுங்க. மறுநாள் காலைன்னா நாயும் காக்காயும் பிரிச்சுப் போட்டுடும்.

பாத்திரம்: சுண்டல், கொழுக்கட்டைக்கு மந்தாரைத் தொன்னை. கூழுக்கு ஸ்டீல். பேப்பர் கப்பை மக்கும்னு நம்பாதீங்க, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியல்ல அதுவும் இருக்கு, தண்ணி பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி எல்லாமும்தான்.

தண்ணி: குடிக்க ஆளுக்கு 1 லிட்டர், 20 லிட்டர் கேன் 75. டம்ளர் கழுவ ஒண்ணுக்கு அரை லிட்டர், ஆளுக்கு ரெண்டு தடவைன்னா 1,500 லிட்டர். ரெண்டையும் ஒரே தொட்டியில வாங்காதீங்க. கழுவுற வரிசை: எச்சில் கொட்டுற வாளி, சீயக்காய்த் தொட்டி, அலசல், இன்னொரு அலசல், கவுத்து வைக்கிற தட்டி. அலசல் தொட்டித் தண்ணியை 100 டம்ளருக்கு ஒருமுறை மாத்தாட்டி மத்ததெல்லாம் சடங்கு.

மண்பானைத் தண்ணி அழகுதான். ஆனா கடலோர ஈரக்காத்துல பானை கடலிலேர்ந்து தள்ளி இருக்கிற ஊர் அளவுக்குக் குளிராது. நிழல்ல, ஈர மணல் மேல, காத்து படுற பக்கம் வையுங்க.

குப்பைத்தொட்டி எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போகாதீங்க. ஆள் இல்லாத 20 தொட்டியைவிட ஆள் நிக்கிற 5 இடம் மேல். தொட்டி மேல எழுத்து மட்டும் வேணாம், நிஜத் தொன்னையையும் நிஜ பாட்டிலையும் ஆணியடிச்சுத் தொங்க விடுங்க. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

#9 மேட்டுப்பாதை

மக்குத்தொட்டி சொன்னதில் உறிஞ்சுகுழல் விஷயத்தில் நிற்க வேண்டும். கை நடுக்கம், கழுத்து வசமில்லாதவர்கள் டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது. அவர்களுக்கு வளையும் குழல் ஆடம்பரம் இல்லை. ஸ்டீல் குழலைக் கொடுக்காதீர்கள், திடீரெனத் தாடை இறுகினால் பல் உடையும். காகிதக் குழல் பாதியில் கூழாகிவிடும். சிலிக்கான் குழல் 25 வாங்கி, கழுவும் தூரிகையோடு ஒவ்வொரு கடையிலும் ஐந்து வையுங்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும்.

"சைக்கிள் மட்டும்" என்பதும் அப்படித்தான். ஆட்டோவில் வராமல் முடியாதவர்கள் யார் என்று பாருங்கள். வாசலில் இருந்து 50 அடிக்குள் இறக்கிவிட ஓர் இடம், 108 வண்டி உள்ளே வரும்படி 12 அடி வழி. மற்ற வண்டிகளைத் தாராளமாக வெளியே நிறுத்துங்கள்.

டம்ளருக்கு 20 ரூபாய்: நாலு பிள்ளையோடு வரும் அம்மாவுக்குப் பிள்ளைகளுக்கே 80 ரூபாய். அவர் தண்ணீர் குடிக்காமலே நிற்பார்.

#10 மக்குத்தொட்டி

குழல், ஆட்டோ ரெண்டுக்கும் சரி. முன்பணத்துக்கு முழுசா ஒத்துக்க மாட்டேன். அது இல்லாட்டி 300 டம்ளர்ல 100 காணாம போகும். ஆனா ஒரு வழி இருக்கு. டம்ளர் கடையை விட்டு நகரக் கூடாது. அங்கேயே நின்னு குடி, அங்கேயே வை. காசும் வேணாம், டோக்கனும் வேணாம், கடைசி நேர வரிசையும் இல்ல. உக்கார்ந்த இடத்துல வேணும்கிறவங்களுக்குத் தொண்டர் கொண்டு போய்க் குடுத்து வாங்கி வரட்டும்.

#11 ஒயர்மேன்

சோலார் கணக்கு யாரும் போடலையே. ஒலிபெருக்கி சராசரி 600 வாட் × 4 மணி = 2.4 யூனிட். இருட்டினதுக்கு அப்புறம் விளக்கு 1,050 வாட் × 2 மணி = 2.1. போன், சக்கர நாற்காலி சார்ஜ் 0.4. மொத்தம் 4.9 யூனிட். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட் 150 ஏஹெச் ஒண்ணுல 1.8 யூனிட், பாதிக்கு மேல இறக்கினா பேட்டரி செத்துடும். அப்ப ஆறு பேட்டரி வேணும். மின்வாரியத் தற்காலிக இணைப்பு வாங்குறதுதான் மலிவு, புகையும் இல்ல. முன்னால சோலார் பேனர், பின்னால டீசல் ஜெனரேட்டர்னு கூத்து வேணாம்.

சைக்கிள் மிதிச்சு மின்சாரம்: ஆள் தொடர்ந்து மிதிச்சா 75–100 வாட். பிள்ளைங்களுக்குக் காட்டலாம், அஞ்சாறு எல்ஈடி பல்பு எரியும். ஒலிபெருக்கியை அதை நம்பி விடாதீங்க.

ஒயர் பிளைவுட் பாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. கடந்தே ஆகணும்னா 9 அடி உயரத்துல. தரையில ஈரம் இருக்கிற கழுவுற இடத்துக்கு 30 எம்ஏ ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா நிறுத்துற சுவிட்ச்) இல்லாம ஒரு பல்புகூடக் குடுக்காதீங்க.

#12 தேவனாம்பட்டினத்தான்

சத்தம்: ராத்திரி 10-க்கு மேல ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது. நீங்க 7:30-க்கே முடிச்சிருங்க, பொதுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க வீடு சுத்தி இருக்கு. முதல் முக்கால் மணி நேரம் ஒலிபெருக்கி, பறை, விசில் எதுவும் இல்லாம ஓட்டுங்க. சத்தம் தாங்காத பிள்ளைங்க அப்ப வந்து விளையாடிட்டுப் போகட்டும். அதைத் துண்டறிக்கையில நேரத்தோட போடணும், இல்லாட்டி யாருக்கும் பயன்படாது. அதுக்கு அப்புறமும் ஒதுங்க ஒரு 15×15 பந்தல், ஒலிபெருக்கிக்கு முதுகுப் பக்கம் 200 அடி தள்ளி. பாய், மங்கல் வெளிச்சம். கொசுவுக்கு அங்க மூட்டம் போடாதீங்க, இழுப்பு இருக்கிறவங்களுக்கு ஆகாது.

பறைக் குழுவுக்கும் வெளியூர் சர்க்கஸ் கலைஞருக்கும் ஒரே சம்பளம், ஒரே பந்தி, ஒரே உடைமாத்துற அறை. சுவரொட்டியில அவங்க பேரும் வரணும். எல்லாரும் வரணும்னு எழுதிட்டு பறையடிக்கிறவரை வாசல்ல நிறுத்தி வெச்சு அனுப்புற பழக்கம் இங்க இன்னும் போகல.

பொன்னாடை, நினைவுப் பரிசு, தலைவர் உரை சேர்த்தா முக்கால் மணி நேரம். பாயில உக்கார்ந்த பிள்ளை எழுந்து போயிடும். அழைப்பிதழ்லயே "உரை கிடையாது"ன்னு போட்டா வர்றவங்களும் வருத்தப்பட மாட்டாங்க. கொஞ்சம் வருத்தப்படுவாங்க, பரவாயில்ல.

#13 கெடிலக்கரை

புதுக் கணக்கு: 3:30–4:15 ஒலிபெருக்கி இல்லாத நேரம், பயிற்சிக் களம் மட்டும். 4:15 ஊர்வலம். 4:45 மல்லர் கம்பம். 5:15 மறுபடி களம், கூழ், சுண்டல். 6:15 வட்டத்துல ஒரு மணி நேரக் காட்சி. 7:30 விளக்கு அணையும். காட்சிக்கு அரை மணி முன்ன கண் தெரியாதவங்க வட்டத்துக்குள்ள வந்து கம்பம், கட்டைக்கால், உடுப்பு எல்லாத்தையும் தொட்டுப் பாக்க நேரம் ஒதுக்கியாச்சு.

கழிப்பறை 10 வாடகைக்குப் பேசியாச்சு, பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 3, அகலக் கதவு ஒண்ணு. சுத்திப் பாக்க, சக்கர நாற்காலி ஒண்ணு இரவல் வாங்கி நாங்களே உக்கார்ந்து ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கோம்.

#14 மேட்டுப்பாதை

அதில் பாதிதான் தெரியும். உங்களுக்குக் கால் இருக்கிறது. தடுமாறினால் தானாக ஊன்றிவிடுவீர்கள். தினமும் நாற்காலி ஓட்டுபவர்கள் இருவரை, ஒருவர் கையால் தள்ளுவது, ஒருவர் பேட்டரி வண்டி, சனிக்கிழமை மதியம் சம்பளம் கொடுத்து அழையுங்கள். பேட்டரி வண்டி ஆளோடு சேர்த்து 150 கிலோ தாண்டும், பிளைவுட் இணைப்பு தாங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

வாடகைக் கழிப்பறைக்கு அடியில் 8 இஞ்ச் படி இருக்கும். அதற்கு 8 அடி சாய்தளம். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.